மேகத்தில் மாட்டிய வில்

(வானொலி மறையுரை – தவக்காலம் முதல் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



இன்றைய முதல் வாசகம் தொடக்க நூல் 9:8–15. வெள்ளம் வடிந்துவிட்டது. நோவாவும் அவர் குடும்பமும் பேழையை விட்டு வெளியே வந்து நிற்கிறார்கள். கடவுள் அவர்களோடு உடன்படிக்கை செய்கிறார். இனி வெள்ளம் உலகை அழிக்காது என்று வாக்களித்து, அதற்கு அடையாளமாக வானவில்லை மேகத்தில் வைக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் நாம் படம் வரைந்து வண்ணம் தீட்டிய கதை இது. அதனாலேயே சிறுவர் கதை என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஆனால் கடலோரத்தில் வாழும் நமக்கு இந்த வாசகம் ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்று காலை ஆழிப்பேரலை கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு தொடங்கி காரைக்கால் வரை நம் கரைகளைத் தாக்கியது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் காரைக்கால் மக்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரையும் கடல் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 40 செ.மீ.-க்கும் மேல் மழை. அப்படியானால் நோவாவுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று?

வாசகத்தை நிதானமாகப் படிப்போம். மழையே வராது, புயலே அடிக்காது என்று கடவுள் சொல்லவில்லை. மண்ணுலகின்மேல் நான் மேகத்தை வருவிக்கும்போது வில் தோன்றும் என்றுதான் சொல்கிறார். மேகம் வரத்தான் செய்யும். உயிர்களை எல்லாம் ஒழிக்கும் கருவியாகத் தண்ணீரை இனி எடுக்க மாட்டேன் என்பதே அவருடைய வாக்கு. இதற்குச் சற்று முன்னால், 8:21-இல் இன்னொரு செய்தி இருக்கிறது. மனிதரின் உள்ளம் இளமை முதலே தீமையை நாடுகிறது என்று தெரிந்துகொண்டே கடவுள் அழிவைக் கைவிடுகிறார். மனிதர் திருந்திவிட்டார்கள் என்பதற்காகக் கொடுத்த வாக்கு அல்ல இது.

ஆழிப்பேரலைக்குப் பிறகு, “அந்த ஊர்க்காரர்கள் செய்த பாவத்துக்குத் தண்டனை” என்று பேசியவர்கள் உண்டு. பிள்ளையை இழந்த தாயின் காதிலும் அது விழுந்திருக்கும். அந்தப் பேச்சுக்கு இந்த வாசகத்தில் இடமே இல்லை. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதில் சொன்னார் (லூக்கா 13:4–5).

இப்போது ‘வில்’ என்ற சொல்லைக் கவனிப்போம். எபிரேய மூலத்தில் இங்கே வரும் சொல் போர்வில்லைக் குறிக்கும் அதே சொல். தமிழிலும் அப்படித்தான், சேரர் கொடியில் இருந்ததும் வில், மழைக்குப் பின் வானில் தெரிவதும் வில். போர் முடிந்தால் வீரன் வில்லை ஆணியில் மாட்டிவிடுவான். கடவுள் தம் வில்லை மேகத்தில் மாட்டிவிட்டார். அது எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்றும் பாருங்கள். இரு முனைகளும் மண்ணை நோக்கி, முதுகு வானை நோக்கி. நம்மைக் குறிவைத்த வில் இப்படி இருக்காது என்று 13-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் நாக்மனிதஸ் விளக்கினார். அதில் அம்பு பூட்டினால் அது விண்ணை நோக்கியே பாயும். சிலுவையைச் சுமப்பவர்கள் நாம். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று. வில்லைக் கண்டு நினைவுகூரப் போவது யார்? நோவா அல்ல, கடவுள். “நான் நினைவுகூர்வேன்” என்பது அவருடைய பொறுப்பு. நம் ஊரில் மாலை வேளையில் கதிரவன் மேற்கே, கரைப்பக்கம் இருக்கும். மழை கிழக்கே, கடல்மேல் பெய்துகொண்டிருக்கும். கதிரவனுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் வானவில் தோன்றும் என்பதால், மாலை வில் எப்போதும் நமக்குக் கடல்மேல்தான் நிற்கும். எந்தக் கடல் பயமுறுத்தியதோ அதே கடல்மேல்.

விவிலியத்தில் இது மறுபடியும் வருகிறது. சீராக் நூல் வானவில்லைப் பார்த்து, அதைப் படைத்தவரைப் போற்றச் சொல்கிறது (43:11–12). எசேக்கியேல் இறைமாட்சியைச் சுற்றி அதைக் காண்கிறார். திருவெளிப்பாடு 4:3-இல் அரியணையைச் சூழ்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் சிலர் இறுதித் தீர்ப்புக் காட்சியில் கிறிஸ்துவை வானவில்லின்மேல் அமர்த்தி வரைந்தார்கள். தீர்ப்பிட வருகிறவரின் இருக்கையே இரக்கத்தின் அடையாளம்.

இக்காலத்தில் வானவில் வேறு பொருள்களிலும் வழங்குகிறது. 1961-இல் இத்தாலியில் பெரூஜாவிலிருந்து அசிசிக்குச் சென்ற அமைதி நடைப்பயணத்தில் வானவில் கொடி பிடித்தார்கள். 1978-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் எட்டு வண்ணங்களில் ஒரு கொடியை உருவாக்கினார். அதுவே பிற்பாடு ஆறு வண்ணமாகி, ஒருபாலீர்ப்பினர், திருநங்கையர் முதலியோரின் அடையாளமாக உலகெங்கும் பரவியது. சென்னையில் 2009 முதல் அவர்கள் நடத்தும் பேரணிகளிலும் அதைக் காணலாம். இதனால் சில பெற்றோருக்குத் தயக்கம். பிள்ளையின் பையில் வானவில் படம் இருக்கலாமா, மறைக்கல்வி அறைச் சுவரில் இருக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக இருக்கலாம். இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்பதற்காகத் தொடக்க நூலின் அடையாளத்தை நாம் ஒளித்துவைப்பது வேடிக்கை.

திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அருளடையாளம் என்னும் திருச்சபையின் போதனையில் மாற்றமில்லை. அதே திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, ஒருபாலீர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அவர்களிடம் அநீதியான பாகுபாடு கூடாது என்று 2358-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. முன்னதை உரக்கச் சொல்லி, பின்னதை முணுமுணுப்பது நம் பழக்கமாகிவிட்டது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை எந்தக் கொடியின்கீழ் ஒதுங்கியது என்று கேட்கும் முன், எந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டது என்று கேட்கலாமே.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பிள்ளைகளை வானவில் வரையச் சொன்னால், அதன் கீழே நோவாவின் குடும்பத்தை மட்டும் வரையச் சொல்லாதீர்கள். உடன்படிக்கை பறவைகளோடும் கால்நடைகளோடும் காட்டு விலங்குகளோடும் செய்யப்பட்டது என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. காக்கை, ஆடு, நாய், கரையில் முட்டையிட வரும் ஆமை என எல்லாவற்றையும் வரையட்டும். தாள் போதாவிட்டால் இன்னொரு தாள் கொடுங்கள்.