வாயடைக்கச் செய்யும் ஒரு சொல்

எதிர்பாராத ஒன்றைக் காணும்போது நம் வாய் தானாகத் திறக்கிறது, பேச்சு நின்றுவிடுகிறது. இந்நிலையைக் குறிக்க, பிரித்தானிய மக்கள் தம் பேச்சு வழக்கில் ‘காப்ஸ்மாக்டு’ என்னும் சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

இச்சொல் இரு பகுதிகளைக் கொண்டது. ‘காப்’ என்பது வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய பகுதிகளில் வாயைக் குறிக்கும் கொச்சைச் சொல். ஐரிஷ் மொழியில் ‘காப்’ என்பது பறவையின் அலகையும் குறிக்கும். ‘ஸ்மாக்’ என்பதற்கு உள்ளங்கையால் அறைதல் என்பது பொருள். எனவே, வாயில் அறை வாங்கியவர்போலப் பேச்சிழந்த நிலையை இச்சொல் உணர்த்துகிறது. 1980களில் இது பிரித்தானியச் செய்தித்தாள்களில் பரவியது. 2009ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில் தம் நேர்காணல்களில் இதனைக் கூறியபோது, அமெரிக்கர் பலரின் கவனத்தையும் இச்சொல் ஈர்த்தது.

இதனைப் பயன்படுத்துவதில் இரு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, இது நண்பர்களிடையே வழங்கும் சொல். விண்ணப்பத்திலோ தேர்வுக் கட்டுரையிலோ இடம்பெறத் தகாது. இரண்டாவது, இது வியப்பின் உச்சத்தைக் குறிப்பது. ஆதலால், சிறு வியப்புக்கு இது பொருந்தாது.

தமிழிலும் வியப்பை உடலுறுப்புகளைக் கொண்டு கூறும் மரபு உண்டு. ‘வாயடைத்துப் போனான்’, ‘வாய்பிளந்து நின்றாள்’, ‘மூக்கின்மேல் விரல் வைத்தனர்’ என்பன சில. இவற்றுள் ‘காப்ஸ்மாக்டு’ என்பதற்கு மிக நெருங்கியது ‘வாயடைத்துப் போதல்’ ஆகும். ஆயினும், வாதத்தில் மறுமொழி கூற இயலாதவனையும் ‘வாயடைத்துப் போனான்’ என்பர். எனவே, இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

வியப்பைத் தொல்காப்பியம் ‘மருட்கை’ என்று கூறுகிறது. அது நான்கு காரணங்களால் தோன்றும். முதன்முறையாகப் பனிப்பொழிவைக் காண்பது புதுமை. சுமார் 73 மீட்டர் உயரமுள்ள குதுப்மினாரை அண்ணாந்து பார்ப்பது பெருமை. ஓர் அரிசியின்மீது எழுதப்பட்ட பெயரைக் காண்பது சிறுமை. கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியாக மாறுவது ஆக்கம்.

ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்போது, ‘வாவ்’ என்று மட்டும் கூறினால், நீங்கள் வியந்தீர்கள் என்பது அவருக்குப் புரியும். எதனால் வியந்தீர்கள் என்பது புரியாது. “அடேயப்பா! எவ்வளவு உயரம், பாட்டி! வாயடைத்துப் போய்விட்டேன்” என்று கூறிப் பாருங்கள். நீங்கள் கண்ட காட்சியை அவரும் காண்பார். பிறமொழிச் சொற்களை அறிவது நன்று. நம் வியப்பை நம்மவர் உணரும் மொழியில் கூறக் கற்பது அதனினும் நன்று.

பயிற்சி

1. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றுக்கு உங்கள் நகரத்திலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

2. வியப்பை உணர்த்த உங்கள் வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொற்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.