வெள்ளைச் சீருடையும் இருண்ட மண்டபமும்

கலைவிழா முடிந்த மறுநாள் வகுப்பில் ஒரு சிறிய கெமரா கைக்குக் கை மாறும். படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். முன்வரிசையில் இருந்தவர்களின் தலைகள் பளிச்சென்று தெரியும். அதற்கப்பால் இருட்டு. இருட்டின் நடுவே கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு வெள்ளை உருவம். பாடியது தன் மகள்தான் என்று அவளுடைய உம்மா மட்டும் அடையாளம் சொல்வார். விலை கூடிய கெமரா வாங்கினால்தான் இது திருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் இருக்கும் சிறிய கெமராவே போதும். ஆனால் அதை 'ஓட்டோ'வில் விட்டுவிடக் கூடாது. ஓட்டோ மண்டபம் முழுவதையும் பார்க்கிறது. நமக்கு வேண்டியது மேடையில் நிற்கும் ஒரு முகம்.

முதலில் பிளாஷை அணையுங்கள். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்று பௌதிகவியலில் படிக்கிறோம். 3 மீற்றர் தூரத்தில் இருப்பவர் மீது விழும் பிளாஷ் ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் 12 மீற்றருக்கு அப்பால் மேடையில் நிற்பவளை அடையும். முன்வரிசைத் தலைகள் பளிச்சிடுவதும் மேடை இருள்வதும் இதனால்தான். பாடுபவளின் கண்ணில் திடீரென வெட்டும் ஒளி அடுத்த அடியை மறக்கச் செய்யவும் கூடும். கெமராவின் முன்பக்கத்தில் குவியம் தேடுவதற்காக எரியும் சின்னஞ்சிறு செம்மஞ்சள் விளக்கு ஒன்றும் உண்டு. மெனுவில் அதையும் அணைத்துவிடலாம்.

இனி மேடை வெளிச்சம் மட்டுமே மிச்சம். சாதாரணச் சிறிய கெமராவின் உணரி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமும் 4.6 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. பெரிய தொழில்முறைக் கெமராக்களில் அது 36க்கு 24 மில்லிமீற்றர். பரப்பளவில் சுமார் முப்பது மடங்கு. ஆகவே கிடைக்கும் ஒளியில் ஒரு துளியையும் நாம் வீணாக்க முடியாது. கடைசி வரிசையில் இருந்துகொண்டு 'சூம்' செய்வதுதான் பெரிய வீண். சூமை முழுவதும் நீட்டும்போது பல சிறிய கெமராக்களில் வில்லையின் துவாரம் எஃப் 3இலிருந்து எஃப் 6 வரை சுருங்கும். உள்ளே வரும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். அனுமதி கேட்டு முன்னால் பக்கவாட்டில் போய் நின்றால் சூமே தேவைப்படாது.

அடுத்தது ஷட்டர் வேகம். மேற்புறச் சக்கரத்தில் 'எஸ்' அல்லது 'டீவீ' என்று இருந்தால் அதைத் தெரிவு செய்து 1/100 செக்கனில் வையுங்கள். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. 1/100 செக்கனில் சரியாக ஒரு சுற்று அடங்கிவிடும். அதைவிட வேகமாக எடுத்தால் சில படங்களில் கோடு கோடாக நிழல் விழும், அல்லது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். இஸ்லாமிய கீதம், பேச்சு, கவிதை எல்லாவற்றுக்கும் 1/100 போதும். கோலாட்டத்துக்குப் போதாது; அதற்கு 1/200 வேண்டும், கோடு விழுந்தாலும் பரவாயில்லை. 'எஸ்' இல்லாத கெமராவில் ஓடும் மனிதனின் படம் போட்ட தெரிவு இருக்கும். அது வேகத்தைத் தானாகவே கூட்டிக்கொள்ளும்.

கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி தன் கெமராவில் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அது எடுப்பவரின் கைக்குத்தான் உதவும்; மேடையில் கையசைத்துப் பேசுபவளின் கைக்கு உதவாது.

வேகத்தைக் கூட்டினால் படம் இருளும். அதை ஈடுசெய்வது ஐ.எஸ்.ஓ. அதை ஓட்டோவில் விடுங்கள். மெனு அனுமதித்தால் மேல் எல்லையை 1600 ஆக வையுங்கள். படம் சற்றுப் புள்ளி புள்ளியாக வரும். வரட்டும். புள்ளி விழுந்த முகம் முகம்தான்; தபாலட்டை அளவில் அச்சிட்டால் புள்ளிகள் அவ்வளவாகத் தெரியாது. அசைந்து கலங்கிய முகத்தை எந்தக் கடையிலும் திருத்தித் தர முடியாது.

நம்மைப் போன்ற பாடசாலைகளில் படம் கெடுவதற்கு இன்னொரு பெரிய காரணம் நமது வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும். கெமராவின் ஒளிமானி தான் பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. கறுப்புத் திரைக்கு முன்னால் ஒருத்தி தனியாக நின்றால், காட்சியில் பெரும்பகுதி கறுப்பு. 'வெளிச்சம் போதாது' என்று கெமரா ஒளியைக் கூட்ட, பர்தாவும் முகமும் சேர்ந்து வெளிறிவிடும். அப்போது '+/−' அடையாளமுள்ள பொத்தானை அழுத்தி −1 வரை குறையுங்கள். ஐ.எஸ்.ஓ.வும் கூடவே இறங்குவதால் புள்ளிகளும் குறையும். இருபது பேர் கொண்ட கீதக் குழு சட்டகத்தை நிறைத்து நின்றால் கதை தலைகீழ். எங்கும் வெள்ளை, 'வெளிச்சம் அதிகம்' என்று கெமரா குறைத்துவிட, வெள்ளை சாம்பலாகும், முகங்கள் கறுக்கும். அங்கே +0.7 வையுங்கள். ஒரே மேடை, ஒரே விளக்கு, ஆனால் அமைப்பு எதிரெதிர். சரிதானா என்று பார்க்க எளிய வழி, எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கன்னத்தின் அருகே பர்தாவின் மடிப்புகளைத் தேடுவது. மடிப்பு தெரிந்தால் முகமும் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மஞ்சள் மின்குமிழ் வெளிச்சமென்றால் குமிழ் அடையாளத்தைத் தெரிவு செய்யுங்கள். நிறம் மாறும் எல்.ஈ.டி. விளக்குகளென்றால், சிவப்பும் நீலமும் போய் வெள்ளை வரும் வரை காத்திருப்பதே நல்லது.

பொத்தானை முன்கூட்டியே பாதி அழுத்திக் குவியத்தைப் பிடித்து வைத்திருங்கள். பிறகு மிச்சத்தை அழுத்தினால் படம் உடனே விழும். நேர் எதிரே நின்றால் ஒலிவாங்கி வாயை மறைக்கும். பக்கவாட்டில் நின்று, ஓர் அடி முடிந்து அவள் மூச்செடுக்கும் இடத்தில் அழுத்துங்கள்.

இதையெல்லாம் விழா அன்று தேடிக்கொண்டிருந்தால் மூன்று நிமிடப் பாடல் முடிந்துவிடும். ஒத்திகைக்குப் போய்ப் பாருங்கள். பகலில் ஒத்திகை நடந்தால் ஜன்னல் திரைகளை இழுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிடைக்கும் எண்கள் இரவுக்குப் பொருந்தாது. சரியாக வந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கெமரா உறைக்குள் வைத்துவிடுங்கள். பட்டரியை முதல் நாளிரவே சார்ஜில் போடுங்கள். 'பீப்' சத்தத்தையும் மறக்காமல் நிறுத்துங்கள்.