பில்ட் நேரமா, பூட் நேரமா?

போன வாரம் என் லேப்டாப்பின் பூட் லாக்கை மேலிருந்து கீழே படிச்சுக்கிட்டு இருந்தேன். இருப்பது ஒரே ஒரு டிஸ்க். ஆனாலும் லினக்ஸ் கர்னல் ரெய்டு-6 கணக்கைப் பல விதமாகப் போட்டுப் பார்த்து, எது வேகம்னு அளந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தது. நான் வைத்திருக்கும் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் ரெய்டு-6 மாட்யூலையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். அது ஏறியதும் இந்தப் போட்டி நடக்கும்.

இதை கர்னலை பில்ட் பண்ணும்போதே முடிச்சிருக்கலாமே? முடியாது. பில்ட் நடந்த சர்வரில் ஜெயித்த முறை என் சிபியுவிலும் ஜெயிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு வேலைக்குத் தேவையான தகவல் எப்போது கைக்கு வருகிறது?

பில்ட் நேரத்திலேயே எல்லாம் தெரிந்த ஒரு வேலையைப் பார்ப்போம். ஒரு புரோகிராம் தப்பான முகவரியைக் கொடுத்து, கர்னல் அதைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? கர்னல் ஓர் அட்டவணையில் தேடும்: "இந்தக் கட்டளையில் தவறு நடந்தால், அங்கே போ." பைனரி சர்ச்சில் தேட வேண்டும் என்றால் அட்டவணை வரிசையாக இருக்கணும். 2012 வரை லினக்ஸ் ஒவ்வொரு பூட்டின் போதும் இதை வரிசைப்படுத்தியது. அதே கர்னல், அதே அட்டவணை, அதே விடை. உலகத்தில் அத்தனை மெஷினிலும் அரைச்ச மாவையே அரைக்கிற கதை. 3.5 பதிப்பில் ஒரு சின்ன டூல் வந்தது. லிங்க் முடிந்ததும் அதுவே ஒரே தடவை வரிசைப்படுத்தி வைத்துவிடும்.

எதிர்ப்பக்கம், மெஷினைப் பார்த்த பிறகே தெரியும் விஷயங்கள். எக்ஸ்86 கர்னல் பூட் ஆகும்போது சிபியு என்னென்ன செய்யும்னு பார்த்து, தன் சொந்தக் கட்டளைகளையே மெமரியில் மாற்றி எழுதிக்கொள்ளும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் வெளியானபோது இந்த ஏற்பாடு கைகொடுத்தது. பாதிப்புள்ள இன்டெல் சிபியுவில் பாதுகாப்பு இயங்கும். பாதிப்பில்லாத ஏஎம்டியில் அதே கர்னல் அந்தச் சுமையைச் சுமக்காது.

மூன்றாவது வகை கொஞ்சம் வேடிக்கை. விடை ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கணும், அதுதான் நோக்கமே. கர்னல் மெமரியில் எங்கே உட்காருகிறது என்பதை பில்டிலேயே முடிவு செய்தால், அந்த டிஸ்ட்ரோவைப் போட்ட எல்லாருக்கும் ஒரே முகவரி, தாக்குபவருக்குக் கொண்டாட்டம். அதனால் 2014 முதல் லினக்ஸ் பூட் நேரத்தில் அந்த இடத்தை ராண்டமாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அப்போ முன்கூட்டியே வரிசைப்படுத்திய அட்டவணை கெட்டுப்போகாதா? கெடாது. எல்லா முகவரியும் ஒரே அளவு நகர்வதால் வரிசை அப்படியே இருக்கும்.

ஓபன்பிஎஸ்டி இன்னும் ஒரு படி மேலே போனது. 2017-இல் வந்த 6.2 முதல், கர்னலின் ஆப்ஜெக்ட் ஃபைல்களின் வரிசையையே குலுக்கிப் போடுகிறது. இப்போது வெறும் நகர்த்தல் போதாது, மறுபடி லிங்க் செய்யணும். அதைச் செய்து முடிக்கும் வரை பூட்டை நிறுத்தி வைக்க முடியுமா? அதனால் சிஸ்டம் எழுந்த பிறகு, பின்னணியில், அடுத்த பூட்டுக்கான கர்னலை லிங்க் பண்ணி வைக்கிறது. பில்ட் வேலைதான், ஆனா உங்க மெஷினிலேயே, ஒவ்வொரு தடவையும் நடக்கிறது.

சரி, என் ரெய்டு-6? 2019-இல் வந்த லினக்ஸ் 5.0-இல் அந்த அளவையைத் தவிர்க்க பில்ட் நேரத்தில் ஒரு ஆப்ஷன் உண்டு. அணைத்தால், கர்னல் தன் முன்னுரிமைப் பட்டியலில் இந்த சிபியுவுக்குப் பொருந்துவதை அளக்காமலே எடுத்துக்கொள்ளும். அது மிகச் சிறந்ததாக இல்லாமலும் போகலாம். ரெய்டே இல்லாத எனக்கு அதனால் என்ன நஷ்டம்? பில்டா பூட்டா என்று மண்டையை உடைக்கும் முன், இந்த வேலை வேணுமா என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.