எல்லாத்துக்கும் அலாரம் வச்சா என்ன ஆகும்? கன்ட்ரோல் ரூம் திரை சொல்லும் பாடம்

முட்டுக்காடு படகுத் துறையைத் தாண்டி ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் போனால், கோவளத்துக்கு அப்புறம் கடலோரமாக வருகிறது நெம்மேலி. இங்கே 2013-ல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் திறன், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர். 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு ஆலையும் சேர்ந்தது. தென்சென்னையில் பல வீடுகளின் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான்.

இதுபோன்ற ஆலைகளை ஷிப்டுக்குச் சிலர், திரையைப் பார்த்தே இயக்குகிறார்கள். அந்த மென்பொருளின் பெயர் ஸ்கேடா. ஆபரேட்டர் பார்க்கும் திரை, ஹெச்எம்ஐ.

‘டேக்’ என்றால்?

பம்பின் அழுத்தம், தொட்டியின் மட்டம், வால்வு திறந்திருக்கிறதா என ஒவ்வொரு தகவலுக்கும் மென்பொருளில் ஒரு பெயர் உண்டு. அதுதான் டேக். ஒரே பம்பை ஒருவர் ‘பம்ப்_3’ என்றும், இன்னொருவர் ‘மோட்டார்_சி’ என்றும் எழுதிவிட்டால், நள்ளிரவு 2 மணிக்குத் தேடித் தவிப்பது ஷிப்டில் இருப்பவர்தான். அதனால் திரையை வரையும் முன்பே பெயர், அலகு, அளவு வரம்பு எல்லாவற்றையும் ஒரு எக்செல் பட்டியலில் முடிவு செய்துவிட வேண்டும்.

எதுக்கு அலாரம்?

கடல்நீர் ஆலைகளில் பாசி, சிப்பி வளராமல் இருக்க, உள்ளே வரும் நீரில் குளோரின் கலப்பது வழக்கம். ஆனால் உப்பைப் பிரிக்கும் சவ்வை அதே குளோரின் அரித்துவிடும். அரித்த சவ்வைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். எனவே சவ்வுக்கு முன்னால் குளோரின் மிச்சம் தெரிந்தால், அது நிஜமான அலாரம். ஆபரேட்டர் உடனே நீரை நிறுத்தணும் அல்லது திருப்பிவிடணும்.

‘பம்ப் ஓட ஆரம்பித்தது’ என்பது? அது வெறும் தகவல். பதிவேட்டில் இருந்தால் போதும்.

275 அலாரம், 11 நிமிடம்

இந்த வித்தியாசத்தைப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும்? 1994 ஜூலை 24, வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன். டெக்சாகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 26 பேர் காயம். வெடிப்புக்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்த அலாரங்கள் 275. அங்கே இருந்த அலாரங்களில் 87% ‘அதிமுக்கியம்’ என்று குறிக்கப்பட்டிருந்தன. எல்லாமே முக்கியம்னா, எதை முதல்ல பார்ப்பது? ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ற மாதிரிதான் மனசும் பண்ணிடும்.

1999-ல் பிரிட்டனில் வந்த ஈஇஎம்யூஏ-191 வழிகாட்டி ஒரு அளவு சொல்கிறது: வழக்கமான நேரத்தில் ஒரு ஆபரேட்டருக்கு 10 நிமிடத்துக்கு ஓர் அலாரம், அதற்குள் இருந்தால் சமாளிக்கலாம்.

எப்படித் திட்டமிடுவது?

* ஒவ்வொரு அலாரத்துக்கும் மூன்று கேள்விகள்: என்ன தப்பு, என்ன செய்யணும், எவ்வளவு நேரம் இருக்கு?
* அளவு வரம்பிலேயே ஆடினால் அலாரம் விட்டு விட்டு அடிக்கும். உதாரணமாக, 60-ல் அடித்தால் 58-க்குக் கீழே இறங்கிய பிறகே அடங்கட்டும்.
* நாமே நிறுத்திய பம்புக்கு ‘நீரோட்டம் குறைவு’ அலாரம் வேண்டாம்.
* சிவப்பு நிறம் உண்மையான ஆபத்துக்கு மட்டும்.

இந்தப் பட்டியல் போடும் மீட்டிங்கில் ஷிப்ட் ஆபரேட்டரையும் உட்கார வையுங்க. “இது அடிச்சா என்ன செய்வீங்கண்ணே?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. பதில் இல்லாததைப் பதிவேட்டுக்கு மாத்திடுங்க.