குடல் வாசலில் ஒரு காவல்

உத்திரமேரூர் ஏரிக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றில், அறுபது வருஷம் ஏர் பிடித்த ஒரு கை, காப்பித் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் பாதியைத் துண்டின்மேல் சிந்திவிடுவதை நெஞ்சம் கனக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னொரு மாத்திரை போட்டா கை நிக்குமா தம்பி?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

முன்னோர் கம்பவாதம் என்றதும் இன்றைய வைத்தியர் பார்க்கின்சன் என்பதுமான அவ்வியாதியில், டோபமைன் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் மூளை அணுக்கள் நாளடைவில் க்ஷீணிக்க, எஞ்சிய சொற்ப டோபமைனையும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி சிதைத்துவிடுகிறது. அந்நொதியை முடக்கி, இருப்பதை நீடிக்கச் செய்வதே அந்தப் பெரியவர் உட்கொள்ளும் செலிஜிலின்.

இந்நொதியை முடக்கும் மருந்து வம்சத்தின் மூதாதை, 1952-இல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவின் காசநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு எதிர்பாராத உற்சாகத்தை அளித்த இப்ரோனயாசிட். ஈரலைக் கெடுத்ததால் அது பின்னர் கைவிடப்பட்டது.

மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் நொதியில் 'ஏ', 'பி' என இரு வகை உண்டு. குடலிலும் ஈரலிலும் காவல் நிற்கும் 'ஏ' வகை, நாட்பட்ட பாலாடைக்கட்டியிலும் புளிக்கவைத்த மீன், இறைச்சிகளிலும் மிகும் டைரமைன் என்னும் பொருளை ரத்தத்தில் கலக்கவிடாமல் அழிக்கிறது. அக்காவல் தகர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று உயர்ந்து, மூளையில் ரத்தக்கசிவு நேரவும் கூடும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ஆக நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் என்ற அளவுக்குள் செலிஜிலின் பெரும்பாலும் 'பி' வகையையே முடக்கும். அளவை மீறினாலோ 'ஏ' வகையும் வீழும். மாலையில் போட்டால் உறக்கம் கெடும்.

"வேண்டாம் ஐயா, டாக்டர் சொன்னதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்" என்றேன். அப்போதுதான் அவர் தலைமாட்டில் இருமல் மருந்துப் புட்டி ஒன்றைக் கண்டேன். எழுத்துக்கூட்டிப் படித்தால் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன். அளவு சரியாக இருந்தாலும் செலிஜிலினோடு சேரக்கூடாத சரக்கு அது. காய்ச்சல், மனக்குழப்பம், தசை விறைப்பு என்று உயிருக்கே உலை வைக்கக்கூடும். பெதிடின், ட்ரமடால் முதலிய வலிமருந்துகளும் அத்தகையனவே.

முடங்கிய நொதி மீள்வதில்லை, உடல் புதிதாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆதலால், பெரியவர்களுக்கு மருந்து வாங்கப் போகும் பிள்ளைகளே, செலிஜிலின் உண்ணும் காலத்திலும், நிறுத்திப் பதினான்கு நாள் கழியும் வரையிலும், அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டிய பிறகே வேறு மருந்து கேளுங்கள்.