ஏணை முதல் வாக்குச்சீட்டு வரை

பிறக்கும்போது குழந்தையின் நிறை 2.5 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஐந்தாம் மாதமளவில் அது இரட்டிக்கும். ஒரு வயதில் மும்மடங்காகும். பிறகு எந்த வயதிலும் உடல் இந்த வேகத்தில் வளர்வதில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிறக்கும் குழந்தைக்கும், இலங்கையின் ஏனைய இடங்களைப் போலவே, பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கொடுக்கப்படுகிறது. கிளினிக் நாளில் குடும்பநல மாது பிள்ளையை நிறுத்து, அதிலுள்ள வரைபில் ஒரு புள்ளி வைப்பார். தனிப்புள்ளி பெரிதாக எதையும் சொல்லாது. புள்ளிகளை இணைக்கும் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதே கணக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொழுத்த கன்னத்தைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பின்னரே சோறு தீத்தல். அசைவுகள் தலையிலிருந்து கீழ்நோக்கி வசப்படும்: முதலில் கழுத்து நிற்கும், பிறகு முதுகு, கடைசியில் கால். இந்த வரிசை பெரும்பாலும் மாறாது, வயதுதான் மாறும். ஒன்பது மாதத்தில் நடப்பதும் உண்டு, ஒன்றரை வயதில் நடப்பதும் உண்டு. சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும். பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டி, முன்னே புத்தகம், பேனை, நகை பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். எதிர்காலம் தெரிகிறதோ இல்லையோ, கண் கண்டதைக் கை எட்டிப் பிடிக்கிறது என்பது எல்லோர் முன்னிலையிலும் தெரிந்துவிடும்.

ஒரு வயதளவில் ஓரிரு சொல், இரண்டு வயதில் ‘அம்மா வா’ போன்ற இருசொல் பேச்சு. அது வராவிட்டால், ‘தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்’ என்று விட்டுவிடாமல் காது கேட்கிறதா என்று பார்ப்பதே முறை.

முன்பள்ளி வயதில் பேச்சு பெருகும், தர்க்கம் பிந்தும். ஒரே அளவு தண்ணீரை அகன்ற கிண்ணத்திலிருந்து ஒடுங்கிய உயரமான கிளாசுக்கு மாற்றினால், நாலு வயதுப் பிள்ளை தண்ணீர் கூடிவிட்டது என்றே சொல்லும். ஏழு வயதளவில் அதே பிள்ளை சிரிக்கும். சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே காட்டிய இச்சோதனையை எந்தக் குசினியிலும் செய்து பார்க்கலாம்.

பாடசாலைப் பருவத்தில் ஆண்டுக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் என உயரம் நிதானமாகக் கூடும். ஆனால் நடத்தையில் வளர்ச்சி பின்னோக்கியும் போகக்கூடும். பெரும் பயத்துக்குப் பின், படுக்கையில் சிறுநீர் கழிக்கும், ஏற்கெனவே நின்றுபோன பழக்கம் சில பிள்ளைகளுக்குத் திரும்பிவிடும். தாயை விட்டு அசையமாட்டார்கள். 2009 இறுதிப் போரின் பின், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியைப் பற்றி எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், பாதிப்பைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் சமூகமும் பட்ட காயமாகப் பார்த்தார். பிள்ளை தேறுவதற்கு மருந்தைவிட, வழமைக்குத் திரும்பிய வீடும் பள்ளிக்கூடமும் முக்கியமாவது இதனால்தான்.

பூப்பு மாற்றங்கள் பெண்பிள்ளைகளில் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். பெண்பிள்ளைக்குச் சாமத்திய வீடு செய்து ஊருக்கே அறிவிக்கிறார்கள். மாதவிடாயைப் பற்றி அவளிடம் விளக்கமாகப் பேசுவது மட்டும் விட்டுப்போகிறது. குரல் உடையும் பையனுக்குச் சடங்கும் இல்லை, விளக்கமும் இல்லை. குழந்தையாக இருந்தபோது தவறாமல் நிறுத்துப் பார்த்தவர்கள், இந்த வயதில் பரீட்சைப் பெறுபேற்றை மட்டுமே பார்க்கிறார்கள்.

18 வயதில் சட்டம் அவர்களைப் பெரியவர்களாக்கி வாக்குரிமையும் தருகிறது. விளைவை எண்ணிப் பார்க்கவும் உந்துதலை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முதிர்வதோ இருபதுகளின் நடுப்பகுதியில்தான்.