தகவல் யாருடையது? – 9: கம்பெனி கைமாறும்போது ஊழியர் கோப்பு

ஒரு நிறுவனம் விற்கப்படும்போது கட்டடம், இயந்திரம், கடன் இவற்றோடு ஊழியர்களின் கோப்புகளும் கைமாறுகின்றன. சம்பளக் கணக்கு, வங்கி எண், ஆதார் நகல், மருத்துவச் சான்று, எப்போதோ கொடுத்த மெமோ எல்லாம் அவற்றில் இருக்கும். இவற்றில் எது, எப்போது வாங்குபவரிடம் போகலாம் என்பது விற்பனையின் வகையைப் பொறுத்தது.

பங்குகள் மட்டும் கைமாறினால் முதலாளி மாறுவதில்லை. சட்டத்துக்கு அது அதே கம்பெனிதான். கோப்பு அலமாரியை விட்டு நகர வேண்டியதில்லை. ஒரு தொழிற்பிரிவை மட்டும் மொத்த விலைக்கு விற்கும் ‘ஸ்லம்ப் சேல்’ அப்படியல்ல. ஊழியரும் அவர் தகவலும் வேறொரு கம்பெனிக்குப் போகிறார்கள். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு நடக்கும் இணைப்பும் பிரிப்பும் மூன்றாவது வகை.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 17-ஆவது பிரிவில் இந்த மூன்றாவது வகைக்குச் சலுகை தருகிறது. தீர்ப்பாயமோ நீதிமன்றமோ ஏற்ற திட்டத்துக்குத் தேவையான அளவுக்கு, ஒவ்வொரு ஊழியரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. ஆனால் தகவலைப் பாதுகாக்கும் கடமை நீங்காது. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஸ்லம்ப் சேல் பொதுவாக வெறும் ஒப்பந்தத்தில் முடிந்துவிடுவதால் இந்தச் சலுகைக்குள் வராது. ‘வேலைவாய்ப்பு நோக்கம்’ என்ற 7-ஆவது பிரிவின் சொல்லை வாங்குபவரின் தேவைவரை நீட்டுவதைவிட, ஊழியரிடம் தெரிவித்துக் கையெழுத்து வாங்குவதே உறுதியான வழி.

சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளே துணை. வங்கிக் கணக்கு, மருத்துவ விவரம், கைரேகை போன்றவற்றைப் பிறருக்குக் கொடுக்க முன் அனுமதி வேண்டும், அல்லது ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து விற்பனைக்கு முந்தைய ஆய்வுக் காலத்தில் இருக்கிறது. வாங்க வருபவர் போட்டியாளராக இருக்கலாம். பேரம் முறிந்தும் போகலாம். அவருக்குத் தெரிய வேண்டியது சுமை எவ்வளவு என்பதுதான்: கிராஜுவிட்டி, விடுப்புப் பணம், பி.எஃப். பாக்கி, நிலுவை வழக்குகள். பெயருக்குப் பதில் குறியீட்டு எண், வயது, சேர்ந்த தேதி, சம்பளம் உள்ள பட்டியல் இதற்குப் போதும். அதுவும் எப்போதும் மறைப்பாகாது. ஒரே ஒரு பெண் இன்ஜினியர் உள்ள பிரிவில் பெயரை அழித்து என்ன பயன்? அங்கே வயதையும் சம்பளத்தையும் வரம்புகளாகவே தர வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகார்களில் எண்ணிக்கை போதும். அதை ஆண்டறிக்கையில் சொல்லவேண்டும் என்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டமே, புகார் செய்தவரின் அடையாளம் வெளியாகக் கூடாது என்றும் சொல்கிறது. ஹெச்.ஐ.வி. நிலைக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தனிக் காப்பு இருக்கிறது. பேரம் முறிந்தால் பிரதிகளை அழித்து எழுத்தில் உறுதி தரவேண்டும் என்ற நிபந்தனையை ரகசிய ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

விற்பனை முடிந்தபின் புதிய கம்பெனிக்குச் சம்பளம் போடத் தேவையானவை முழுமையாகப் போக வேண்டும். சேர்ந்த தேதி விட்டுப்போனால் கிராஜுவிட்டிக் கணக்கே குலையும். வேலை கிடைக்காதவர்களின் விண்ணப்பங்களும் எப்போதோ விலகியவர்களின் கோப்புகளும் மூட்டையோடு மூட்டையாகப் போகத் தேவையில்லை. பழைய கம்பெனி வரி, பி.எஃப். பதிவேடுகளைச் சட்டம் சொல்லும் காலம்வரை வைத்திருந்து, மற்றவற்றை அழிக்கலாம். கைமாறிய அன்றே ஹெச்.ஆர். மென்பொருளில் பழைய அதிகாரிகளின் கடவுச்சொற்களும் செயலிழக்க வேண்டும்.